உச்ச ஸ்தாயி: கிளாரினெட்டுக்கு விரல், சாக்ஸபோனுக்குத் தொண்டை

கிளாரினெட் நன்றாக வாசிப்பவர்கள்கூட சாக்ஸபோனைக் கையில் எடுத்ததும் திணறுவது உச்ச ஸ்தாயியில்தான். எனக்கும் அப்படித்தான் ஆனது. கிளாரினெட்டில் சி6-க்கு மேலே ஏறுவது பழகியிருந்ததால், சாக்ஸபோனிலும் ஃபிங்கரிங் அட்டவணையைப் பார்த்து விரலை வைத்தால் ஜி6 வந்துவிடும் என்று நம்பினேன். (இங்கே சொல்பவை எல்லாம் தாளில் எழுதும் நோட்டுகள், நடு சி என்றால் சி4, எண் கூடினால் ஸ்தாயி மேலே.) வராதபோதெல்லாம் ரீடை (ஊதும்போது அதிரும் மெல்லிய பட்டையை) இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கடித்தேன், கீழுதட்டின் உள்பக்கம் புண்ணாகும்வரை. நோட் வரவே இல்லை. கடிப்பதை விட்ட பிறகுதான் வழி திறந்தது.

காரணம் குழாயின் வடிவத்தில் இருக்கிறது. கிளாரினெட்டின் உள்துளை பெரும்பாலும் ஒரே அகலம், சாக்ஸபோனுடையது கூம்பு. அதனால் கிளாரினெட்டில் இடது கட்டைவிரலால் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் சுருதி ஒரு ஆக்டேவோடு நிற்காமல் அதற்கு மேலும் ஐந்தாம் ஸ்வரம் வரை தாவுகிறது, அடுத்த தாவல் அங்கிருந்து ஆறாம் ஸ்வரத்துக்கு. படிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. சாக்ஸபோனில் எல்லா ஹார்மோனிக்குகளும் (அதே விரலில் படிப்படியாக எழும் மேல் சுருதிகள்) வரும், மேலே போகப் போக அவை நெருங்கிக்கொண்டே போகும், கூடவே குழாயின் சொந்த அதிர்வும் பலவீனமாகும். எந்தப் படியில் நிற்பது என்பதைக் குழாய் தீர்மானிக்காது, உங்கள் வாய்க்குள் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கும்.

சரி, முதலில் கிளாரினெட். ஈ5-ஐ நீளமாகப் பிடியுங்கள். வேறு எதையும் மாற்றாமல் இடது ஆள்காட்டி விரலை மட்டும் எடுங்கள், சி ஷார்ப்6 வரும். இதேபோல எஃப்5-இலிருந்து டி6, ஜி5-இலிருந்து ஈ6, ஏ5-இலிருந்து எஃப் ஷார்ப்6. டி6-இலிருந்து மேலே வலது சுண்டுவிரலால் ஈ ஃபிளாட் கீயையும் சேர்த்து அழுத்தினால் சுருதி இறங்காமல் நிற்கும். விரலை முழுவதும் தூக்கும்போது நோட் வெடித்து வந்தால், துளையிலிருந்து கீழ்ப்பக்கமாக உருட்டிப் பாதி மட்டும் திறந்து பாருங்கள். நாக்கு 'ஈ' என்று சொல்லும்போது இருக்கும் உயரத்திலேயே இருக்கட்டும். நோட் வராமல் கீச்சிட்டால் பெரும்பாலும் தாடை இறுகியிருக்கும், அல்லது மூச்சு தயங்கியிருக்கும்.

சாக்ஸபோனுக்கு வேறு வழி, பொறுமை நிறைய வேண்டும். சாதாரண எல்லை எஃப்6, சில கருவிகளில் எஃப் ஷார்ப்6, அதற்கு மேல்தான் ஆல்டிஸிமோ. ஆனால் பயிற்சியை அங்கே தொடங்காதீர்கள், அடி பி ஃபிளாட்டில் தொடங்குங்கள். பி ஃபிளாட்4-ஐ வழக்கமான விரலில் வாசித்து, அந்த ஒலியைப் பிடித்தபடியே விரல்களை அடி பி ஃபிளாட்டுக்கு மாற்றுங்கள். ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றும் ஆக்டேவ் கீ வேண்டாம். தொண்டை அசையாமல் இருந்தால் ஒலி மேலேயே நிற்கும். அப்புறம் அதே விரலில் எஃப்5, பி ஃபிளாட்5, டி6, எஃப்6 என்று ஒவ்வொன்றாக. எஃப்5 சிலருக்கு முதல் நாளே வரும், டி6-க்கு வாரக்கணக்கில் ஆகலாம், அதில் தவறில்லை. இந்த ஸ்தாயியில் பெயர் பெற்ற சாக்ஸபோன் கலைஞர் சிகுர்ட் ராஷரும் இப்படி ஒரே விரலில் மேல் சுருதிகளை எழுப்பும் ஓவர்டோன் பயிற்சியைத்தான் அடிப்படையாக வைத்தார்.

2008-இல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாக்ஸபோன் வாசிப்பவர்களின் வாய்க்குள்ளேயே அளந்து பார்த்தார்கள். தேர்ந்தவர்கள் ஆல்டிஸிமோவில் தங்கள் வாய், தொண்டையின் அதிர்வை வாசிக்கும் நோட்டுக்கு அருகே கொண்டுவருகிறார்கள், அது கைவராதவர்களுக்கு அந்த நோட்டே எழவில்லை. எனக்கு இதைப் படித்தபோது பெரிய நிம்மதி, இத்தனை நாள் உதட்டில் தேடியது அங்கே இல்லவே இல்லை என்று.

இன்னொரு நல்ல பயிற்சி, மௌத்பீஸை மட்டும் ஊதுவது. ஆல்டோ சாக்ஸபோனின் மௌத்பீஸில் பியானோவின் ஏ5-ஐ ஒட்டி ஒலி வர வேண்டும். அதைவிட நிறைய மேலே போனால் கடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கிருந்து உதட்டை மாற்றாமல், நாக்கின் பின்பகுதியை மட்டும் நகர்த்தி, நான்கைந்து ஸ்வரம் கீழே வழுக்கி இறங்கி மறுபடி ஏறுங்கள். இது வந்த பிறகு இடது ஆள்காட்டி விரலுக்குச் சற்று மேலே இருக்கும் முன் எஃப் கீயைத் தொடுங்கள்: அதோடு இடது இரண்டாம், மூன்றாம் விரல் வைத்தால் ஈ6, மூன்றாவதை எடுத்தால் எஃப்6. அதற்கு மேல் ஆல்டோவுக்கு ஒரு ஃபிங்கரிங், அதைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோனுக்கு ஒன்று, கருவிக்குக் கருவியும் மாறும், ட்யூனரை வைத்து உங்களுக்குச் சரியானதை நீங்களே தேட வேண்டும்.

ரீட் மிகவும் மெலிதாக இருந்தால் இரண்டு கருவியிலுமே மேல் நோட்டுகளில் அது மௌத்பீஸோடு ஒட்டி மூடிக்கொள்ளும். சாக்ஸபோனில் துளையை மூடும் பேட் ஒன்று கசிந்தாலும் ஓவர்டோன் நிற்காது, உங்களை நீங்களே நொந்துகொள்வதற்கு முன் அதைச் சரிபாருங்கள்.

ஒரே நாளில் இரண்டையும் வாசிப்பவர்கள் சாக்ஸபோனை முதலில் எடுங்கள். கிளாரினெட்டுக்கு வேண்டிய இறுக்கமான உதட்டோடு சாக்ஸபோனுக்குப் போனால் தாடை தளரவே பதினைந்து நிமிடம் ஆகிறது, எனக்கு இன்றும் அப்படித்தான்.