யாழ்ப்பாணத்துக் கடைக்குக் கனடா அட்டையில் காசு வாங்குவது எப்படி

கோப்பாயில் எங்கள் வீட்டுப் பின்குசினிதான் கடை. அம்மா வறுத்து அரைப்பிக்கும் கறித்தூள், ஒடியல் மா, பனங்கட்டி என்று மூன்றே சரக்கு. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். 2022இல் இணையக் கடையை இரண்டு கிழமையில் கட்டி முடித்தேன். அதில் காசு வாங்க வழி தேடியே ஏழு மாதம் போனது.

முதலில் பெரிய பெயர்களை மறந்துவிடுங்கள். இணையத்தில் அட்டைக் காசு வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் சேவை தரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. பேபாலில் அப்போது இங்கிருந்து காசு அனுப்பலாம், வாங்க முடியாது. இணையக் கடை போட இடம் தரும் ஷொப்பிஃபையின் சொந்தக் கொடுப்பனவுச் சேவையும் இங்கே இல்லை. வேறு கேட்வேயை, அதாவது அட்டைக் காசை வாங்கி எங்களுக்குத் தரும் வேறொரு சேவையை, இணைத்தால் ஷொப்பிஃபையின் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 வீதம் தனியாக வெட்டுவார்கள். அதனால்தான் சொந்தத் தளத்தில் கடை போட உதவும் வூகொமர்ஸ் என்ற மென்பொருளுக்குப் போனேன். "பேடில் (Paddle) சேவையை எடுங்களேன்" என்றும் சிலர் சொல்வார்கள். அது மென்பொருள் விற்கிறவர்களுக்கானது, பனங்கட்டிக்கு உதவாது.

அடுத்த ஆசை, உறவினர் கணக்கு. ஸ்காபரோவில் இருக்கும் மச்சாளின் பெயரில் ஒரு வெளிநாட்டுக் கணக்கைத் திறந்து, மூன்று மாதம் அதில் காசு வாங்கினேன். கணக்கு கனடாவில், பொதி போவது யாழ்ப்பாணத்திலிருந்து, கணக்கைத் திறந்து பார்க்கிறவள் கோப்பாயில். கணக்கைத் தந்த நிறுவனத்தார் சந்தேகப்பட்டு அதை முடக்கினார்கள். காசு ஆறு மாதம் உள்ளேயே கிடந்தது. அவர்களுடைய விதியை மீறியவள் நான்தான், வாதாட ஒன்றுமில்லை. மச்சாளின் வரிக்கணக்கில் என் வியாபாரம் ஏறிய கதை வேறு.

அமெரிக்காவில் நிறுவனம் பதிவு செய்து ஸ்ட்ரைப் எடுப்பது சட்டப்படி சரியான வழி. அந்தப் பதிவைச் செய்து தரும் ஸ்ட்ரைப் அட்லஸுக்கு 500 டொலர், டெலவெயர் மாநிலத்து எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) என்றால் ஆண்டுதோறும் 300 டொலர் வரி. அந்த எல்எல்சி வெளிநாட்டவர் ஒருவருக்கே சொந்தம் என்றால் 5472 என்ற வரிப் படிவத்தையும் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். தவறினால் தண்டம் 25,000 டொலர். அதைக் கட்ட எத்தனை பனை ஏற வேண்டும் என்று அம்மா கேட்டார்.

மிஞ்சுவது உள்ளூர் கேட்வே. பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. வங்கிகளும் நேரடியாகத் தருகின்றன. நான் விசாரித்த வங்கி பிணையாக ஒரு வைப்பும் கேட்டது. எங்கே போனாலும் வியாபாரப் பெயர்ப் பதிவைக் கேட்பார்கள். கிராம அலுவலரின் அறிக்கையோடு பிரதேச செயலகத்துக்குப் போய் அதை முதலில் முடியுங்கள். பதிவில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். என் பதிவில் முதலெழுத்துக்குப் பின் ஒரு புள்ளி கூடிவிட்டது. அந்தப் புள்ளிக்கு மூன்று கிழமை.

விண்ணப்பிக்குமுன் கடையில் நான்கு பக்கங்கள் இருக்க வேண்டும்: விற்பனை நிபந்தனை, காசு திருப்பிக் கொடுக்கும் விதி, தனியுரிமை, முகவரியும் தொலைபேசியும். எனக்கு முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது இரண்டாவது பக்கம் இல்லாததால்.

இனிக் கேட்க வேண்டிய கேள்விகள். வெளிநாட்டில் வழங்கிய அட்டையை ஏற்பார்களா? "விசா, மாஸ்டர்கார்ட் எல்லாம் போகும்" என்ற பதிலை நம்பாதீர்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். உள்ளூர் அட்டைகள் போயின, வெளிநாட்டு அட்டை ஒவ்வொன்றும் மறுக்கப்பட்டது. அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பது பதினோராம் நாள்தான் தெரிந்தது. அடுத்தது, வாடிக்கையாளர் டொலரில் கட்டினால் எனக்கு எந்த நாணயத்தில், எந்த நாள் விலையில் வரும்? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வசந்தத்தைக் கண்டவர்கள் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்பார்கள்.

கட்டணத்தைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் மாதம் 3,000 ரூபாயும் 2.5 வீதமும், இன்னோரிடத்தில் மாதக் கட்டணமின்றி 4 வீதம் என்று வையுங்கள். வித்தியாசம் 1.5 வீதம். மாத விற்பனை 2 இலட்சத்தைத் தாண்டும்வரை இரண்டாவதே மலிவு. நான் முதல் வருடம் எந்த மாதமும் 80,000ஐத் தாண்டவில்லை.

வாங்குகிறவரின் வங்கி ஒருமுறைக் கடவு எண் (OTP) கேட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், "என் அட்டையை யாரோ களவாகப் பாவித்துவிட்டார்கள்" என்று வரும் முறைப்பாட்டின் நட்டம் பெரும்பாலும் அந்த வங்கியின் தலையில் போகும். "பொதி வரவில்லை" என்ற முறைப்பாடு மட்டும் உங்கள் தலையில்தான். இலண்டனுக்குப் போன இரண்டு கிலோ தூளின் கூரியர் துண்டைத் தொலைத்துவிட்டேன். பணம் பல மாதம் கழித்துத் திரும்ப எடுக்கப்பட்டது, 9,400 ரூபாய். இப்போது ஒவ்வொரு துண்டையும் பொதியின் மேல் வைத்துப் படமெடுத்து, விற்பனை எண்ணிலேயே சேமிக்கிறேன்.

கடையைத் திறக்குமுன் சோதனைத் தளத்தில் ஓடவிட்டுப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். உண்மையான வெளிநாட்டு அட்டையால் ஒருமுறை வாங்கச் சொல்லுங்கள். மச்சாள் இன்றும் மாதம் ஒருமுறை ஒரு பக்கெட் தூள் வாங்கிப் பார்க்கிறாள். அந்தக் காசைத் திருப்பித் தருகிறேன் என்றால், தூள் நல்லாய்த்தானே இருக்கிறது என்கிறாள்.