ஊர் நூலகத்துக்குப் புத்தகம் வேண்டுமா? முதலில் காசு எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள்

நூலகத்தில் புதுப் புத்தகம் இல்லை என்று நூலகரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை, அவர் கையில் காசு இல்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் மாநகர சபையுடையது. ஊர் நூலகங்கள் பெரும்பாலும் பிரதேச சபையினுடையவை. நாங்கள் வீட்டுக்கும் கடைக்கும் கட்டும் சோலைவரி, சபையின் கடை வாடகை, அரச மானியம், எல்லாம் ஒரே பெட்டிக்குள் விழும், அதிலிருந்துதான் வீதி விளக்கும் குப்பை வண்டியும் புத்தகமும்.

ஆகவே நேரம் முக்கியம். சபையின் கணக்காண்டு ஜனவரியில் தொடங்குகிறது, பாதீடு, அதாவது வரவு செலவுத் திட்டம், அதற்கு முன்பே நிறைவேறிவிடும். நான் ஒருமுறை பெப்ரவரியில் கடிதம் கொண்டு போனேன், "அடுத்த வருசம் பாப்பம் தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். செப்டெம்பரிலேயே உங்கள் வட்டாரத்தின் சபை உறுப்பினரைப் பிடியுங்கள். "நல்ல புத்தகம் வேணும்" என்று எழுதாமல், சாதாரண தரப் பரீட்சை (O/L) எழுதும் பிள்ளைகளுக்கு எந்தப் பாடத்தில் எத்தனை பிரதி, மொத்தம் எவ்வளவு என்று விலையோடு எழுதுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்க வேண்டாம்.

போன வருடம் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று தெரியவில்லையா? 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் வேறு கதை. தேசிய பாடசாலை மத்திய கல்வி அமைச்சின் கீழ், மற்ற அரச பாடசாலைகள் மாகாணத்தின் கீழ். சம்பளம் அரசு கொடுக்கும்; உடைந்த கதிரைக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத்தான் போகவேண்டும், இல்லாவிட்டால் கனடாவில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு வட்ஸ்அப்.