நானோ பூச்சைக் குறை சொல்லும் முன்

நீரில் நைட்ரோபீனால் என்ற மாசு இருக்கிறதா என்று பார்க்க, கிராஃபீன் போன்ற நானோபொருளைப் பூசி மின்முனை தயாரிக்கிறோம். அளவு சரியாக வரவில்லை. உடனே கிராஃபீன் மேல் பழி விழுகிறது. இன்னொரு முறை அதைத் தயாரிக்க ஒரு வாரம் போகிறது. கோளாறு பெரும்பாலும் பூச்சுக்கு அடியில்தான் இருக்கும்.

பூச்சைத் தாங்கும் கண்ணாடிக் கார்பன் (கண்ணாடிபோல் கெட்டியான கார்பன்) மின்முனையை 1, 0.3, 0.05 மைக்ரான் அலுமினாத் தூளால் வரிசையாக மெருகேற்ற வேண்டும். மூன்றுக்கும் ஒரே துணியைப் பயன்படுத்துவது பலரும் செய்யும் தவறு: பெரிய துகள்கள் துணியில் தங்கி, கடைசித் தேய்ப்பிலும் கீறிக்கொண்டே இருக்கும். பூசும் முன் ஃபெர்ரிசயனைடு என்ற சோதனை உப்பின் கரைசலில், மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சுழற்சி ஓட்டிப் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் மின்னோட்டம் தொடும் இரு உச்சிகளுக்கும் இடையே கோட்பாட்டின்படி 59 மில்லிவோல்ட். 80 வரை வந்தாலும் பரவாயில்லை. 120 காட்டினால் பூசாதீர்கள், மறுபடி தேயுங்கள்.

அடுத்தது துளி. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனையில் 5 மைக்ரோலிட்டர் விட்டு அப்படியே உலரவிட்டால், துகள்கள் ஓரத்துக்கு ஓடி வளையமாகப் படியும். நடுவில் வெறும் கார்பன் தெரியும். கலவையை மீயொலியில் நன்றாகக் கலக்கி, முனையின் மேல் பீக்கரைக் கவிழ்த்து மெதுவாக உலர்த்தினால் படலம் ஓரளவு சீராகும். உச்சி உயரட்டும் என்று துளிமேல் துளி விடுவது வீண். தடித்த படலம் வெடித்து உரிந்துவிடும். நுண்துளைகளில் சிக்கிய கரைசலே உச்சியைக் கூர்மையாக்கி இடம் மாற்றவும் செய்யும். அதைப் பூச்சின் வினையூக்கம், அதாவது பூச்சு வினையை வேகப்படுத்தியது, என்று எழுதிவிடுகிறார்கள். கார்பன் நானோகுழாய் என்றால், தயாரிப்பில் தங்கிவிட்ட இரும்புத் துகளும் அதே ஏமாற்றைச் செய்யும்.

ஆக்சிஜனை மறப்பவர்களும் உண்டு. காற்றுபட்ட நீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம், அதாவது 250 மைக்ரோமோலார் ஆக்சிஜன் கரைந்திருக்கும். தேடும் நைட்ரோபீனாலோ 1 மைக்ரோமோலார். இரண்டுமே மின்முனையில் எலக்ட்ரானைப் பெற்று ஒடுக்கமடையும். பத்துப் பதினைந்து நிமிடம் நைட்ரஜன் செலுத்தாமல் பார்த்த உச்சி யாருடையது?

கண்டறியும் எல்லையை, அதாவது கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவை, நைட்ரோபீனால் இல்லாத வெற்றுக் கரைசலின் அளவீடுகளில் வரும் விலகலை மூன்றால் பெருக்கி, செறிவுக்கு எதிரே மின்னோட்டத்தை வரைந்த அளவீட்டுக் கோட்டின் சாய்வால் வகுத்துக் கணக்கிடுவது வழக்கம். அளந்த மிகக் குறைந்த செறிவைவிட ஆயிரம் மடங்கு கீழே எண் வந்தால் எனக்கு நம்பிக்கை வராது. அந்தச் செறிவில் ஒரு கரைசல் தயாரித்து அளந்து காட்டட்டும்.

அமிலத்தன்மை மாறாத தாங்கல் கரைசலில் வரைந்த அளவீட்டுக் கோட்டை ஆற்று நீருக்கும் அப்படியே பொருத்தக்கூடாது. அங்கே கரிமக் கழிவும் உப்பும் சாய்வை மாற்றிவிடும். தெரிந்த அளவுகளை அதே நீரில் படிப்படியாகச் சேர்த்து அளப்பதே வழி. பீனால் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆக்சிஜனேற்றம் ஆனதும் அது பாலிமராகி முனையை மூடிக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலேயே உச்சி சரிந்துவிடும்.