லாங்ஹார்ன் குகைக்குப் போகிறீர்களா?

டெக்சாஸில் பர்னெட் பக்கம் இருக்கும் லாங்ஹார்ன் கேவர்ன் ஸ்டேட் பார்க்குக்குக் குழந்தைகளோடு போவதென்றால், குகை டூர் டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கோடையில் காலையிலேயே காட்டுப் பாதைகளில் நடந்து முடித்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்துக்கு டூர் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் குகைக்குள் வருடம் முழுக்க ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ்தான்.

தரை ஈரமாக இருக்கும், பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். ஸ்ட்ரோலரைக் காரிலேயே விட்டுவிடுங்கள், படிகள் உண்டு, சில இடங்களில் பெரியவர்கள் குனிந்துதான் போகவேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் கான்ஃபெடரேட் தரப்பு, அதாவது பிரிந்துபோன தென்மாநிலங்கள், இங்கே வெடிமருந்து தயாரித்தன. சாம் பாஸ் என்ற கொள்ளையன் பணத்தை ஒளித்து வைத்தான் என்றும் ஒரு கதை, அதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத இளைஞர்கள், அரசின் சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் திட்டத்தில், குகையிலிருந்து மண்ணை அள்ளி வெளியேற்றி வழி அமைத்ததுதான். அவர்கள் கட்டிய கல் கட்டடம் மேலே இன்னும் நிற்கிறது, பார்க்காமல் வராதீர்கள்.

அப்புறம், இங்கே கூடாரம் போட முடியாது. இரவு தங்கவோ ஏரியில் குளிக்கவோ பக்கத்திலேயே இன்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க் இருக்கிறது.