எலி, ஆந்தை, மின்மினி: சூழல் அறம் எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்

மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையில் (பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா, வாயில் இன்னும் பழைய பெயர்தான்) பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் சிலர் விடுமுறைக்கு வந்தால் கட்டுரையை என்னிடம் நீட்டி, "அண்ணே, கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்பார்கள். தலைப்பு சூழல் அறவியல் (இயற்கையிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற தத்துவம்) என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று பிரிக்காமலே சொல்லிவிடலாம்: மனித மையவாதம் (மனிதர் நன்மைதான் கணக்கு) கெட்டது, உயிர் மையவாதம் (உயிருள்ள எல்லாமும் கணக்கு) பரவாயில்லை, சூழல் மையவாதம் (சூழல் மொத்தமும் கணக்கு) உத்தமம். மாடிப்படி ஏறுகிற மாதிரி.

முதல் தவறே இந்த மாடிப்படிதான். ஒரு காரியம் சரியா தப்பா என்று பார்க்கும்போது யாருடைய நன்மையை நேரடியாகக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் இந்தத் தரப்புகளுக்குள் சண்டை. மனிதர் மட்டுமா, வலி தெரிந்த விலங்குகளுமா, உயிருள்ள எல்லாமுமா, இல்லை மண்ணும் தண்ணீரும் உயிர்களும் சேர்ந்த மொத்தமுமா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சங்கடம் உண்டு. அந்தச் சங்கடத்தை எழுதாத கட்டுரையில் சாரமே இல்லை.

இரண்டாவது தவறு, மனிதரைத் தவிர்த்த மற்ற எல்லாரையும் ஒரே கட்சியில் சேர்ப்பது. நம் செம்பனைத் தோட்டத்து எலியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழுத்த குலையைக் கடித்து நாசம் பண்ணும். அதற்கு ஒரு வழி எலி மருந்து. இன்னொரு வழி, கம்பத்தின் உச்சியில் பெட்டி வைத்து ஆந்தையைக் குடியேற்றுவது. விலங்குகளின் வலியையும் கணக்கில் சேர்க்கச் சொன்ன தத்துவவாதி பீட்டர் சிங்கரிடம் (1975) கேட்டால், எலிக்கு வலிக்கும், ரத்தம் உறையாமல் நாள்கணக்கில் அது சாவது நம் கணக்கில் வர வேண்டும் என்பார். செம்பனை மரத்துக்கு வலி தெரியாது, ஆகவே அவருடைய கணக்கில் மரத்துக்கு இடமே கிடையாது. உயிர் மையவாதியான பால் டெய்லர் (1986) எலி, மரம், அடியில் முளைத்த களை எல்லாவற்றையும் சேர்ப்பார். ஒவ்வோர் உயிருக்கும் தனக்கென்று ஒரு நன்மை இருக்கிறது என்பது அவர் வாதம். சூழல் மையவாதத்துக்கு வழிகாட்டிய ஆல்டோ லியோபோல்டுக்கோ (மண், தண்ணீர், உயிர்கள் சேர்ந்த மொத்தத்தின் நலனைப் பார்க்கச் சொல்லும் அவருடைய நில அறம் 1949இல், அவர் இறந்த மறு வருடம், நூலில் வந்தது) தனி எலி பெரிய விஷயமில்லை. மருந்து தின்ற எலியை ஆந்தை தின்று, ஆந்தையும் செத்து, எலிக் கூட்டம் மறுபடி பெருகினால் அதுதான் அவருக்குப் பிரச்சினை.

மருந்து வேண்டாம் என்பதில் சிங்கரும் லியோபோல்டும் ஒத்துப்போவார்கள் போலத் தெரியும். உடனே "இருவரும் ஒரே கருத்தினர்" என்று எழுதிவிடுகிறார்கள். சரி, ஆந்தைப் பெட்டிக்கு வாருங்கள். ஆந்தை கிழிக்கும்போதும் எலிக்கு வலிக்கத்தானே செய்யும் என்ற கேள்வி சிங்கர் தரப்பை உறுத்தும், லியோபோல்ட் தரப்பை உறுத்தவே உறுத்தாது. லியோபோல்ட் வேட்டைக்காரர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். மொத்தத்துக்காகத் தனி உயிரைப் பலி கொடுக்கலாம் என்கிற பார்வையை விலங்குரிமை பேசிய டாம் ரீகன் 1983இல் 'சூழல் பாசிசம்' என்றே திட்டினார்.

மனித மையவாதம் என்றாலே சுயநலம் என்று எழுதுவதும் உண்டு. பக்கத்தில் கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் இரவு சம்பானில் (சிறு படகில்) போனால் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுபோல விட்டுவிட்டு மின்னுவதைப் பார்க்கலாம். பேரப்பிள்ளையும் இதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் ஆற்றங்கரையைக் காப்பாற்றினால் அவரும் மனித மையவாதிதான், ஆனால் அவரைச் சுயநலக்காரர் என்பீர்களா? தத்துவவாதி பிரையன் நார்ட்டன் 1984இல் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: தோன்றியதையெல்லாம் கேட்கிற ஆசை வேறு, யோசித்து நிதானமாக வைத்திருக்கிற விருப்பம் வேறு. அந்த மின்மினியின் புழு கரைச் சேற்றில் நத்தை தின்று வளர்கிறது. படகுக் காசுக்காகக் காப்பாற்றினாலும் சேற்றையும் நத்தையையும் சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

நம் ஆட்களுக்கே உரிய தவறு ஒன்று. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், ஆகவே தமிழர் அன்றே சூழல் மையவாதிகள் என்று முடித்துவிடுவது. பாரி பார்த்தது தவித்து நின்ற ஒற்றைக் கொடியை. அது டெய்லருக்குப் பக்கத்தில் வரும். லியோபோல்ட் பாரியின் பறம்பு மலையை மொத்தமாகப் பார்த்திருப்பார். எடுத்துக்காட்டு அருமைதான், வைக்கிற இடம்தான் தப்பு.

ஆழ்நிலைச் சூழலியல் (மனிதருக்குப் பயன்படாவிட்டாலும் இயற்கைக்கு மதிப்பு உண்டு என்கிற பார்வை) என்றால் இயற்கை மேல் ஆழமான பாசம் என்று சொல்வதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அந்தப் பெயரை வைத்த நார்வே தத்துவவாதி ஆர்னே நேஸ் 1973இல் 'ஆழம்' என்றது, பிரச்சினையின் வேர் வரை கேள்வி கேட்டுப் போவதை.

அப்புறம், விட்டுப்போகிற பகுதி. 1989இல் இந்திய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா ஆழ்நிலைச் சூழலியலை விமர்சித்தார்: அமெரிக்காவின் மனிதரில்லாக் காடு என்ற கனவை இந்தியாவில் கொண்டுவந்து வைத்தால், புலிக்கு இடம் கொடுக்க ஏழை ஜனங்கள்தான் வெளியேற வேண்டியிருக்கும் என்று. சூழல் கெடும்போது அடி யார் மேல் விழுகிறது என்ற கேள்வி இது. மரே புக்சின் வழி வந்த சமூகச் சூழலியல் (மனிதரை மனிதர் அடக்குவதில்தான் இயற்கைச் சீரழிவின் வேர் என்பது), 1974இல் பெயர் பெற்ற சூழலியல் பெண்ணியம் (பெண்களை அடக்குவதும் இயற்கையை அடக்குவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது) இரண்டும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன.

கட்டுரை கொண்டுவந்த ஒரு தங்கச்சி இவற்றைக் கடைசி வரியில் 'இதர கோட்பாடுகள்' என்று தள்ளியிருந்தாள். தோட்டங்களில் அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி பற்றிச் சொன்னேன். மலேசியாவில் 2002இல் அதை நிறுத்த முடிவாகி, 2006இல் திரும்ப அனுமதித்து, 2020 ஜனவரி 1 முதல்தான் தடை வந்தது. தோளில் பம்பை மாட்டிக்கொண்டு களைக்கு மருந்தடித்தவர்களில் நம் பெண்கள் எத்தனையோ பேர். நகம் கெட்டுப்போனது, மூக்கில் ரத்தம் வந்தது எல்லாம் ஊரறிந்த கதை.

"எங்க பாட்டியும் மருந்துதாண்ணே அடிச்சாங்க" என்றாள். "அதெல்லாம் இந்தக் கட்டுரையில வருமா?"

வரும். 'இதர' என்பதை அடித்துவிட்டு, அங்கே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.