முதலையின் பக்கம் நின்று பாருங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். குரங்கும் முதலையும் கதையைக் கொடுத்து முரண், அதாவது மோதல், எங்கே என்று கேட்டால், குரங்குக்கும் முதலைக்கும் இடையில் என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். அது பிழையில்லை. ஆனால் அதோடு நின்றால் மேடையில் வெறும் துரத்தல்தான் மிஞ்சும்.

முதலில் கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்ன வேண்டும், அதைத் தடுப்பது யார் என்று எழுதுங்கள். குரங்குக்கு உயிர் வேண்டும். முதலையின் மனைவிக்குக் குரங்கின் இதயம் வேண்டும். பஞ்சதந்திரத்தில் அவள் வெறும் ஆசைக்காரி அல்ல. கணவன் ஒரு பெண் குரங்கிடம் மயங்கிவிட்டான் என்று சந்தேகப்படுகிறாள். அந்தப் பொறாமையையும் எழுதிவிடுங்கள்.

முதலையிடம் வந்ததும் பேனா நின்றுவிடும். அதற்கு நண்பனும் வேண்டும், மனைவியும் வேண்டும். அகமுரண், அதாவது ஒருவர் மனதுக்குள்ளேயே நடக்கும் மோதல், இங்கேதான். மாசியில் நம் மலையகத்தில் ஆடும் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகச் சொல்லும் இந்திரன் ஒரு பக்கம், போகாதே என்று மறிக்கும் மனைவி ரதி ஒரு பக்கம். மாசிக் குளிரிலும் நாம் எழுந்து போகாமல் இருப்பது நடுவில் நிற்கும் மதனுக்காகத்தானே, அந்தக் காமனுக்காகத்தானே. முதலையும் அப்படித்தான் நிற்கிறது.

சரி, இதைச் சோதிப்பது எப்படி? புத்த ஜாதகக் கதைகளிலும் இந்தக் கதை உண்டு. அங்கே நட்பே கிடையாது. கங்கையின் அக்கரையில் மாம்பழம் இருக்கிறது என்று ஆசை காட்டித்தான் முதலை குரங்கை ஏற்றிக்கொள்கிறது. இரண்டையும் நடித்துப் பாருங்கள். ஜாதகத்து முதலைக்குத் தயங்கக் காரணமில்லை, அது வேட்டையாடுகிறது. பஞ்சதந்திரத்து முதலை தினமும் நண்பன் கையால் நாவல் பழம் தின்றது. அதனால்தான் அது செய்வது துரோகமாகிறது.

அப்புறம், நடுத்தண்ணீரில் முதலை உண்மையைச் சொல்லும் இடம். "முட்டாள், உளறிவிட்டது" என்று எழுதிக் கடந்துவிடாதீர்கள். மனம் கேட்காமல் சொல்கிறது என்று நடித்தால், அந்த வசனத்துக்கு முன் ஒரு மௌனம் தானாகவே விழும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இதயத்தை மரத்திலே விட்டுவிட்டேன் என்று குரங்கு சொன்ன கணத்தில் அதிகாரம் கைமாறுகிறது. யாரும் இடம் மாறவில்லை, குரங்கு இன்னும் முதலையின் முதுகில்தான் இருக்கிறது. ஆனால் போகும் திசையை இனி அதுதான் தீர்மானிக்கிறது. அந்த வரியின் கீழ் கோடு போட்டு, அதற்கு முன் யார் யாருக்குக் கட்டளையிட்டார்கள், பின் யார் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.