ரேஷன் கடையில் திருப்பி அனுப்பினால் மனு எழுதுவது எப்படி

சென்னை ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சிங்காரவேலர் மாளிகைப் பக்கம் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்பதால் அன்றைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பட்டா, முதியோர் பென்ஷன், வீடு என்று எல்லாம் வரும். ஆனால் ரேஷன் மனுவுக்கு ஆள் தேவையே இல்லை, நீங்களே எழுதலாம். எனக்கு வருமானம் கொஞ்சம் குறையும். பரவாயில்லை, பட்டா பிரச்சினை இந்த ஊரில் தீரப் போவதில்லை.

முதலில் உங்கள் கஷ்டத்தை ஓரமாக வையுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் "நான் தனியாள்மா, மகன் குடிக்கிறான், வாடகை பாக்கி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எழுதுகிற நான் கேட்டுக்கொள்கிறேன். மனுவில் அது வேண்டாம். ஒரு பக்கம் கஷ்டத்தை எழுதினால், படிக்கிற அதிகாரிக்கு இரக்கம் வரலாம், வராமலும் போகலாம். அரிசி யாருடைய இரக்கத்திலும் வருவதில்லை. தமிழ்நாட்டில் அரிசி கார்டு இருந்தால் அரிசி உண்டு, அதுவும் 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல்.

இதற்குப் பின்னால் நீளமான ஒரு வரலாறு இருக்கிறது. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆம் பிரிவு சாப்பாடு, துணி, வீடு, வைத்தியம் எல்லாவற்றையும் உரிமை என்றே சொல்கிறது. அதையொட்டி 1966-இல் வந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்தது. 2001-இல் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடக்க, ராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். பி.யு.சி.எல். என்ற மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் வந்த உத்தரவுகளால்தான் ரேஷனும் மதிய உணவும் கேட்டு வாங்கக்கூடிய உரிமைகள் ஆயின. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தமிழ்நாட்டில் 2016 நவம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

உலக வங்கி 2025 ஜூனில் வறுமைக்கோட்டை ஒரு நாளைக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. எத்தனை கோடிப் பேர் ஏழை என்று எண்ண அது உதவும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டது யார் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. உங்கள் மனு அதைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, பேப்பரை எடுங்கள். அனுப்புநரில் பெயர், விலாசம், போன் நம்பர், ஸ்மார்ட் கார்டு எண். பெறுநரில் உங்கள் மண்டல உதவி ஆணையர், உணவுப் பொருள் வழங்கல் துறை. ஏரியாக்காரர்கள் "ஏசி ஆபீஸ்" என்பது இதைத்தான். பொருள் ஒரே வரிதான்: எந்தக் கடை, எந்த மாதம், எந்தப் பொருள் தரவில்லை.

அதற்குக் கீழே விவரத்தை எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். இறால் உரிக்கிற வேலை. ஐஸ் தண்ணீரிலும் ஓட்டிலும் விரல் நுனி வழவழவென்று தேய்ந்து போயிருந்தது, மை தடவி வைத்தாலும் கோடு தெரியாது. கடையில் மெஷினில் விரல் வைத்தால் "ரேகை விழல, அடுத்த வாரம் வா" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் போனால் ஸ்டாக் இல்லை. அவர் என்னிடம் சொன்னது அரை மணி நேரக் கதை. நான் எழுதியது இவ்வளவுதான்:

"மேற்படி கடைக்கு இம்மாதம் 4-ஆம் தேதி காலை 10 மணிக்குச் சென்றேன். விரல் ரேகை பதியவில்லை என்று கூறி அரிசி வழங்க மறுத்தனர். கண் கருவிழிப் பதிவு மூலம் வழங்கக் கேட்டும் வழங்கவில்லை. 11-ஆம் தேதி சென்றபோது இருப்பு இல்லை என்றனர். எனக்குரிய இம்மாத அரிசியை வழங்கவும், இனி ரேகை பதியாதபோது மாற்று வழியில் வழங்கக் கடைக்கு எழுத்துமூலம் உத்தரவிடவும், எடுத்த நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

தேதி, நேரம், அவர்கள் சொன்ன காரணம், உங்களுக்கு என்ன வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். கடைக்காரரைத் திட்டாதீர்கள். பாதி நேரம் அவருக்கே மூட்டை குறைவாகத்தான் வந்திருக்கும், அதை விசாரிக்க வேண்டியது மேலே இருப்பவர்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு என்றால் வேறொருவர் வாங்கிவர அங்கீகாரச் சான்று கேட்டு, அதே மனுவில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

கார்டில் பிஎச்எச் (PHH, முன்னுரிமைக் குடும்பம்) என்று அச்சடித்திருந்தால் இன்னொரு வரியும் எழுதுங்கள்: உரிய தானியம் தராவிட்டால் 2013 சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும். படி என்றால் பணம். என்பிஎச்எச் (NPHH, முன்னுரிமையில்லாத குடும்பம்) கார்டு என்றால் அது மாநில அரசு தன் செலவில் தருவது, அந்த வரி பொருந்தாது, விட்டுவிடுங்கள்.

வாங்காத அரிசிக்கு "வாங்கிவிட்டீர்கள்" என்று எஸ்எம்எஸ் வருகிறதா? அழித்துவிடாதீர்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டு மனுவோடு பின் அடியுங்கள்.

எங்கே கொடுப்பது? மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மண்டல அலுவலகங்களில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும், அதுதான் சுலபம். தவறினால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ். போனில் சொல்ல 1967. ஆனால் போனில் சொன்னாலும் எழுதியும் கொடுங்கள். இரண்டு காப்பி எடுத்துப் போய், ஒன்றில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "வெச்சிட்டுப் போம்மா, பாத்துக்கறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே நில்லுங்கள்.

ஒரு மாதம் பார்த்தும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, என் மனு இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன நடவடிக்கை, அந்த மாதம் கடைக்கு வந்த இருப்பும் விற்பனையும் எவ்வளவு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இருப்புப் பதிவேட்டைக் கேட்டாலே பல நேரம் அரிசி வந்துவிடும் என்பது என் அனுபவம்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாநில உணவு ஆணையத்துக்குப் புகார். அதற்கு வக்கீல் வேண்டும் என்று நினைத்தால் செலவுக்குப் பயப்பட வேண்டாம். உயர் நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, போன் 15100. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான உச்சவரம்பே கிடையாது. வருமானச் சான்று எடுத்து வா என்று யாராவது சொன்னால், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு என்று சொல்லுங்கள்.